தேவனுடைய சாட்சி என்கிறோம், கையெழுத்து யாருடையது?

2024 நவம்பர் 3, ஞாயிறு இரவு

இன்று ஆராதனையில் யோவானின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம். "நாம் மனுஷருடைய சாட்சியை ஏற்றுக்கொண்டால், அதைப்பார்க்கிலும் தேவனுடைய சாட்சி அதிகமாயிருக்கிறது." ஐயர் (எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) இந்த ஒரு வசனத்தின்மேல் நாற்பது நிமிடம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். சிக்கல் மதியச் சாப்பாட்டில் வந்தது.

அண்ணன் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். ஒரு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை. மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்: "சித்தப்பா, தேவனுடைய சாட்சி பெரியது என்று எழுதியவர் யார்?" யோவான் என்றேன். "அவர் மனுஷர்தானே? அப்படியென்றால் தேவன் சாட்சி கொடுத்தார் என்பதற்கே நம்மிடம் இருப்பது மனுஷருடைய சாட்சிதானே? பிறகு எது எதைவிடப் பெரியது?"

எனக்குப் பதில் வரவில்லை. முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஆவண எழுத்தராக உட்கார்ந்திருந்தவன் நான். 'சாட்சிகள்' என்று எழுதிக் கீழே 1, 2 என்று எண் போட்டு இடம் விட்டதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட என்னிடம் போய் இந்தக் கேள்வி. குழம்பு ஆறியதுதான் மிச்சம்.

இயேசு தேவகுமாரன் என்பதற்குத் தேவனே சாட்சி என்று நம்புகிறோம். அந்தச் சாட்சி நம் கைக்கு எந்த வழியாக வந்தது? இந்த இணைய இழையில் விசுவாசிக்கிறவர்களும் எழுதலாம், விசுவாசியாதவர்களும் எழுதலாம். "ஜெபியுங்கள் சகோதரரே" என்று மட்டும் எழுத வேண்டாம். ஜெபித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

நவம்பர் 4, காலை

ஏழு பதில்கள். ஐந்து "ஜெபியுங்கள்".

மீதி இரண்டில் ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அக்கா எழுதியது. யோர்தானில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து சத்தம் வந்ததே, அது மனுஷர் வாய்வழியாக வந்ததல்லவே என்கிறார். சரி. ஆனால் அதை மூன்று சுவிசேஷங்களில் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். மத்தேயுவில் "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்கிறது சத்தம். மாற்கிலும் லூக்காவிலும் "நீர் என்னுடைய நேசகுமாரன்". பத்திரம் எழுதுகிறவனுக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை. 'இவர்' என்றால் கூடியிருப்பவர்களுக்குச் சொன்னது, அறிவிப்பு. 'நீர்' என்றால் மகனிடம் மட்டும் சொன்னது. மற்றவர்கள் காதில் விழுந்ததா என்பதே தெரியாது. சத்தம் ஒன்று, அதை எழுதிய கைகள் வேறு. அண்ணன் மகன் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாற்பது நாள் கழித்துப் பிசாசு எடுத்த எடுப்பில் கேட்பது, "நீர் தேவனுடைய குமாரனேயானால்". வானம் திறந்து சொல்லி ஒன்றரை மாதம் ஆகவில்லை, அந்தச் சாட்சியிலேயே கை வைக்கிறான். வில்லங்கம் முதலில் விழுவது தாய்ப் பத்திரத்தில்தான்.

நவம்பர் 4, இரவு

அக்காவுக்கு மரியாதையோடு இன்னொரு இடத்தைக் காட்டுகிறேன். யோவான் 12. இயேசு, "பிதாவே, உமது நாமத்தை மகிமைப்படுத்தும்" என்கிறார். வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அங்கே நின்ற ஜனங்கள் என்ன சொன்னார்கள்? இடிமுழக்கம் உண்டாயிற்று என்றார்கள். வேறு சிலர், தேவதூதன் பேசினான் என்றார்கள்.

இதைச் சிறுவயதிலிருந்து எத்தனை தடவை வாசித்திருப்பேன். ஞாயிறு பள்ளியில் ஒப்புவித்தும் இருக்கிறேன். ஆனால் இன்று இரவுதான் உறைத்தது. தேவன் நேரடியாகவே பேசினாலும் பாதிப்பேர் இடி என்று சொல்லிவிட்டுக் குடையைத் தேடுவார்கள். அப்படியானால் இடையில் மனுஷர் இருப்பது மட்டும் சிக்கல் இல்லை. இடையில் யாரும் இல்லாவிட்டாலும் சிக்கல் இருக்கும்.

இது அவன் கேள்விக்குப் பதில் அல்ல. கேள்வி இன்னும் ஆழமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நவம்பர் 5

மதுரைக்காரர் ஒருவர் மடக்குகிறார்: யோவான் 5:31-இல் இயேசு, "என்னைக்குறித்து நானே சாட்சிகொடுத்தால், என் சாட்சி மெய்யாயிராது" என்கிறார், 8:14-இல் நானே சாட்சி கொடுத்தாலும் அது உண்மை என்கிறார், இரண்டில் எது?

இதற்கு நான் பதில் சொல்வேன், இது என் தொழில். ஒருவர் வந்து "நான்தான் இன்னாருடைய மகன் இன்னார்" என்கிறார். அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அலுவலகம் அவரை அடையாளம் காட்ட இரண்டு பேரைக் கேட்கும். 5:31 அலுவலகத்தின் கணக்கு, 8:14 உள்ளபடி உள்ளது. உபாகமம் 19:15 இரண்டு மூன்று சாட்சிகளுடைய வாக்கினாலே காரியம் நிலைவரப்படும் என்று சொன்னதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பரிசேயர் பேசினார்கள். இயேசுவும் அந்தக் கணக்குக்கே இறங்கி வந்து, ஐந்தாம் அதிகாரத்தில் ஆள் எண்ணுகிறார்: யோவான்ஸ்நானகன், தாம் செய்யும் கிரியைகள், தம்மை அனுப்பின பிதா, வேதவாக்கியங்கள்.

ஆனால் அதே இடத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. பிதா சாட்சி கொடுத்திருக்கிறார் என்று சொன்ன கையோடு, நீங்கள் ஒருக்காலும் அவர் சத்தத்தைக் கேட்டதுமில்லை என்கிறார். முக்கியமான சாட்சியை நீங்கள் கேட்கவே இல்லை என்று எதிர்க்கட்சியிடம் சொல்லும் வழக்கை நான் எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை.

நவம்பர் 6, காலை

எதிர்பார்த்ததுதான். இரண்டு பேர் 1 யோவான் 5:7-ஐ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே." பரலோகத்திலேயே மூன்று சாட்சி இருக்கும்போது என்ன சந்தேகம் என்று கேட்கிறார்கள்.

சகோதரர்களே, அந்த வரியை விட்டுவிடுங்கள். எங்கள் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) அது இருக்கிறது, நானும் மனப்பாடமாகச் சொல்வேன். கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தை எடுத்துப் பாருங்கள்: சான்று அளிப்பவை மூன்று, தூய ஆவியும் நீரும் இரத்தமும் என்று நேரே போய்விடும். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் பரலோக மூவர் வரி இல்லை. லத்தீன் படிகளில்தான் அது வேரூன்றியது. 1516-இல் டச்சு அறிஞர் எரஸ்மஸ் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டபோது அதைச் சேர்க்கவில்லை. 1519 பதிப்பிலும் சேர்க்கவில்லை. பெரிய கூச்சல். கிரேக்கப் படி ஒன்றிலாவது காட்டுங்கள், சேர்க்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார், உடனே ஒரு படி புதிதாக 'கிடைத்தது', 1522-இல் சேர்த்தார். அந்தப் படி இன்றும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்து.

எங்கள் தொழிலில் வரிகளுக்கு நடுவே ஒரு சொல் செருகினாலும், அடித்தாலும், திருத்தினாலும், எழுதிக்கொடுப்பவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். போடாவிட்டால் பதிவு அலுவலர் ஆவணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். இந்த வரிக்கு யோவானின் சுருக்கொப்பம் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. 325-இல் நிக்கேயாவில் ஆரியுவின் போதனையை எதிர்த்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று சபை அறிக்கையிட்டது. அதற்குப் பின், அந்த அறிக்கையைக் காத்து நின்ற ஆயர் அத்தனாசியு ஐந்து தடவை நாடு கடத்தப்பட்டார். அவ்வளவு நெடிய சண்டையில் கிரேக்கச் சபைப் பிதாக்கள் யாரும் இந்த வரியை எடுத்து வீசவில்லை. கையில் இருந்திருந்தால் வீசாமல் இருப்பார்களா? இந்த வரி இல்லாமலேயே அந்த விசுவாசம் நின்றது. நாம் ஏன் செருகிய வரியில் தொங்க வேண்டும்?

நவம்பர் 6, மாலை

திருத்தம். எரஸ்மஸ் "வாக்குக் கொடுத்தார்" என்று காலையில் எழுதினேன். வேதாகமக் கல்லூரியில் கற்பிக்கும் வாசகர் ஒருவர் மெதுவாகக் காதைத் திருகினார். எரஸ்மஸ் அப்படி வாக்குக் கொடுத்ததற்கு அவருடைய எழுத்துகளில் ஆதாரம் இல்லையாம். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுத, பிற்காலத்தில் வளர்ந்த கதை. 1516, 1519, 1522 ஆகிய ஆண்டுகள் சரி. டப்ளின் படியும் சரி. வாக்கு மட்டும் காற்று.

சாட்சியைப் பற்றி இழை தொடங்கி, நானே கேள்விப்பட்டதைப் பார்த்ததுபோல எழுதியிருக்கிறேன். காலையில் போட்டதை அழிக்கவில்லை. பக்கத்தில் இதையே என் சுருக்கொப்பமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 7

"ஆவி, ஜலம், இரத்தம், இது என்ன சாட்சி? மூன்றும் பேசாதே" என்று ஓர் இளைஞர் கேட்டார்.

ஆறாம் வசனத்தைப் பாருங்கள்: "ஜலத்தினாலே மாத்திரமல்ல, ஜலத்தினாலும் இரத்தத்தினாலும் வந்தவர்." யாரோ 'ஜலத்தினாலே மட்டும்' என்று சொல்லியிருந்தால்தான் இப்படி அழுத்தி எழுதத் தோன்றும். கெரிந்து என்று ஒருவர் ஆசியா நாட்டில் (இன்றைய மேற்குத் துருக்கி) போதித்துவந்தார். இயேசு சாதாரண மனுஷர். ஞானஸ்நானத்தில் கிறிஸ்து என்ற மேலான ஒன்று அவர்மேல் இறங்கியது. பாடுபடும் முன் விட்டுப் போய்விட்டது. இது அவர் போதனை என்று இரண்டாம் நூற்றாண்டு ஆயர் ஐரேனியு எழுதிவைத்திருக்கிறார். அதாவது தண்ணீரில் வந்தார், இரத்தத்தில் இல்லை. நிருபத்தின் இந்த வரி அந்த வகைப் போதனைக்கு மறுப்பு என்று பலர் கொள்கிறார்கள். யோர்தானில் 'நேசகுமாரன்' என்று பெயர் பெற்றவரே சிலுவையில் இரத்தம் சிந்தியவர், நடுவில் ஆள் மாறவில்லை என்பது இதன் பொருள்.

ஆள் மாறாட்டம்! பதிவு அலுவலகத்தில் எங்களுக்கு உறக்கத்தைக் கெடுக்கும் சொல் அதுதான்.

அதே ஐரேனியு இன்னொரு கதையும் சொல்கிறார். எபேசுவில் குளிக்கப் போன யோவான், உள்ளே கெரிந்து இருப்பதைக் கண்டு, குளியல் கூடம் இடிந்து விழுந்துவிடும், ஓடுங்கள் என்று குளிக்காமலே வெளியே ஓடிவந்தாராம். அன்பின் அப்போஸ்தலர்! இதை யோவானின் சீடர் எனப்படும் பொலிக்கார்ப்பிடம் கேட்டவர்கள் சொன்னார்கள் என்று எழுதுகிறார். நேற்றுப் பட்ட பாட்டுக்குப் பிறகு, யார் யாரிடம் கேட்டார் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நவம்பர் 8

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

நான் தொழில் செய்த இடத்தில் டீக்கடை பெஞ்சில் எப்போதும் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாட்சி கொண்டுவராத கட்சிக்காரர் வந்தால் கூப்பிடுவோம். வந்து கையெழுத்துப் போடுவார்கள். டீயும் வடையும் கையில் கொஞ்சம் பணமும். எழுதிக்கொடுப்பவரை அவர்கள் அதற்கு முன் கண்டதே இல்லை. இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். ஆள் கிடைக்காத நாளில் நானே போட்டிருக்கிறேன்.

ஒரு கிழவி நினைவில் நிற்கிறாள். மகளுக்கு வீட்டை எழுதிவைக்க வந்தாள். ஆயுள் முழுக்கப் பீடி சுற்றிய கை. பெருவிரலை மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்தால் வெறும் கறுப்பு வட்டம் மட்டும் விழுகிறது. ரேகை தேய்ந்துபோயிருந்தது. தேங்காய் நாரால் தேய்த்து, துடைத்து, மறுபடி உருட்டி, மூன்று காகிதம் வீணானது. உள்ளே இருந்தவர் சலித்துக்கொண்டார். கிழவி என்னைப் பார்த்து, "ஐயா, நான்தான் நான் என்று நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள். அவளை அன்று காலை பத்து மணிக்குத்தான் முதலில் பார்த்தேன். சொன்னேன். நீண்ட காலமாக அறிவேன் என்ற பொருள்பட இருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அவள் அவள்தான். பின்னால் எந்தத் தகராறும் வரவில்லை. நான் சொன்னது உண்மை. ஆனால் என் சாட்சி பொய். இதை எப்படிப் பிரிப்பது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அண்ணன் மகனின் கேள்வி ஏன் தொண்டையில் மாட்டியது என்றால் இதனால்தான். மனுஷருடைய சாட்சி எப்படித் தயாராகிறது என்று அடுப்படியில் நின்று பார்த்தவன் நான்.

நவம்பர் 9

அண்ணன் மகனே தொலைபேசியில் பேசினான். இந்த இழையைப் படித்துவிட்டானாம். "சித்தப்பா, எங்கள் வங்கியில் நகலை வைத்துக் கடன் கொடுக்கமாட்டோம். மூலப் பத்திரம் வேண்டும். உங்கள் சுவிசேஷத்துக்கு மூலம் எங்கே?"

மூலம் இல்லை. பவுலோ யோவானோ தொட்ட ஏடு ஒன்றும் இன்று கிடையாது. எல்லாம் படியின் படி. யோவான் சுவிசேஷத்தின் மிகப் பழைய துண்டு மான்செஸ்டரில் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கிறது. எகிப்திலிருந்து 1920-இல் வாங்கியது, 1935-இல் வெளியிடப்பட்டது. பொதுவாக இரண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். அளவு சுமார் ஒன்பது சென்டிமீட்டருக்கு ஆறு. பழைய பஸ் டிக்கெட் இரண்டை ஒட்டினால் வரும் அளவு. இரண்டு பக்கமும் எழுத்து. பதினெட்டாம் அதிகாரம், பிலாத்துவின் விசாரணை.

பின்பக்கத்தில் எந்த இடம் தப்பியிருக்கிறது தெரியுமா? சத்தியத்தைக் குறித்துச் சாட்சிகொடுக்க நான் பிறந்தேன் என்று இயேசு பிலாத்துவிடம் சொல்லும் இடம். 'சாட்சிகொடுக்க' என்ற கிரேக்கச் சொல்லில் 'மார்த்து' என்பது வரைதான் இருக்கிறது, அங்கே வரி முடிகிறது, மீதி எழுத்துகள் இருந்த அடுத்த வரியின் தொடக்கம் கிழிந்துபோய்விட்டது. தமிழில் 'சாட்' என்று எழுதி நிறுத்தியதுபோல.

இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நல்ல கதை, ஆனால் கடன் கிடைக்காது" என்றான்.

(அந்த 'மார்த்து'விலிருந்து வந்த சொல்லைத்தான் ஐரோப்பியர் விசுவாசத்துக்காக உயிர் விட்டவர்களுக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் இரத்தசாட்சி என்கிறோம், கத்தோலிக்கர் மறைசாட்சி என்பார்கள். 1752-இல் ஆரல்வாய்மொழியில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022-இல் ரோமாபுரியில் புனிதர் பட்டம் கொடுத்தபோது எங்கள் ஊரில் கிறிஸ்தவரல்லாதவர்களும் பேசிக்கொண்டார்கள். உயிரைக் கொடுத்தவர் பொய் சொல்லவில்லை என்பது நிச்சயம். ஆனால் பொய் சொல்லாதவர் தவறாக நம்பியிருக்க முடியாதா? முடியும். ஆகவே இதை வாதமாக வைக்கமாட்டேன்.)

நவம்பர் 10, ஞாயிறு

பத்தாம் வசனம்: விசுவாசமாயிருக்கிறவன் "அந்தச் சாட்சியைத் தனக்குள்ளே கொண்டிருக்கிறான்". பலர் இதைத்தான் பதிலாக எழுதியிருக்கிறீர்கள். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தத் தலைவர் கால்வினும் ஏறக்குறைய இதையே சொன்னார். தேவன் தம் வார்த்தைக்குத் தாமே தகுந்த சாட்சி. ஆவியானவர் உள்ளத்தில் முத்திரை போடும்வரை அந்த வார்த்தை மனுஷரிடம் முழு நம்பிக்கை பெறாது என்றார். 1738 மே 24 அன்று லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லியின் உள்ளம் அனலானதும் இந்த வகைதான். தமிழில் மனசாட்சி என்ற சொல்லே இருக்கிறதே, உள்ளே ஒரு சாட்சி உட்கார்ந்திருக்கிறது என்பது நமக்குப் புதிதா?

ஆனால் உள்ளே இருக்கும் சாட்சியை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயதில் எனக்கு நிமோனியா வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. குணமான பின் கன்வென்ஷன் கூட்டத்தில் சாட்சி சொன்னேன். முதல் வருடம் "கடுமையான காய்ச்சல்". அடுத்த வருடம் "மரணப் படுக்கை". மூன்றாம் வருடம் டாக்டர் கைவிரித்துவிட்டார், வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார் என்று பந்தலே அழுதது. மேடையிலிருந்து இறங்கினேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து வந்து சொன்னாள்: "அந்த டாக்டர் உனக்கு ஆர்லிக்ஸ் வாங்கிக் கொடுக்கத்தான் சொன்னார்."

வேடிக்கை என்னவென்றால் நான் பொய் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளம் அனலாகத்தான் இருந்தது.

அதனால் உள்ளே இருப்பதை மட்டும் வைத்து நான் கையெழுத்துப் போடமாட்டேன். யோவானும் அதை மட்டும் வைக்கவில்லை என்று இன்று கவனித்தேன். ஜலம், இரத்தம் இரண்டும் வெளியே நடந்தவை. ஒரு ஆறு, ஒரு சிலுவைமரம், பார்த்த ஆட்கள். ஆவி ஒன்றுதான் உள்ளே. மூன்றும் ஒருமைப்பட்டிருக்கிறது என்று முடிக்கிறார். உள்ளே இருப்பது வெளியே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். அம்மா ஒத்துப்போகவில்லை, என் சாட்சி அங்கேயே விழுந்தது.

நவம்பர் 11

"சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்பார்களே, நேரே தேவனிடமே கேட்டுவிடுங்களேன்" என்று ஒருவர்.

அருமை ஐயா. இங்கே சாட்சிக்காரரும் அவரே, வழக்குக்கு உரியவரும் அவரே. எந்தப் பக்கம் திரும்பினாலும் விழப்போவது அதே காலில்தான்.

நவம்பர் 13

தூக்கம் வராமல் பதினோராம் வசனத்துக்குப் போனேன். பத்து நாளாக ஒன்பதிலும் பத்திலுமே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். சாட்சியின் உள்ளடக்கம் என்ன என்பதை அங்கேதான் சொல்கிறார்: தேவன் நமக்கு நித்தியஜீவனைத் தந்திருக்கிறார், அந்த ஜீவன் அவருடைய குமாரனில் இருக்கிறது.

'தந்திருக்கிறார்.' அட, இது தானப் பத்திரம்!

சொல்லத் தெரிந்தவரை சொல்கிறேன். அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுத்தால் பத்திரத்தில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகளுக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. இவர் கையெழுத்துப் போட்டதைக் கண்டேன், அல்லது தாம் போட்டதாக அவரே என்னிடம் சொன்னார், இவ்வளவுதான் அவர்கள் பொறுப்பு. சொத்தைக் கொடுப்பது அவர்கள் இல்லை, கொடுப்பவர் கையெழுத்துத்தான் கொடுக்கிறது. அண்ணன் மகன் கேட்டானே, எல்லாம் மனுஷருடைய சாட்சிதானே என்று. யோவான் கீழே 1, 2 என்ற இடத்தில் கையெழுத்திடுகிறவர். சிலுவையில் இயேசுவின் விலாவில் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வந்ததைச் சொன்னதும், "அதைக் கண்டவன் சாட்சிகொடுக்கிறான்" என்று எழுதுகிறாரே, அது அந்த இடத்துக் கையெழுத்து. எழுதிக்கொடுப்பவர் கையெழுத்து மேலே, தனியே இருக்கிறது.

இன்னொரு விதி. பெறுகிறவர் ஏற்றுக்கொள்ளாத தானம் தானமே ஆகாது. சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882, பிரிவு 122. "தங்களால் கொடுக்கப்பட்ட மேற்படி தானத்தை ஏற்றுக்கொள்கிறேன்" என்ற வாசகத்தை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! யோவான் 3:33-ஐ எடுத்துப் பாருங்கள். அவருடைய சாட்சியை ஏற்றுக்கொண்டவன் "தேவன் சத்தியமுள்ளவரென்று முத்திரைபோட்டு நிச்சயப்படுத்துகிறான்". முத்திரை! ஏற்றுக்கொள்கிறவன் கையிலா முத்திரை இருக்கிறது? இரவு ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மனைவி, சர்க்கரை குறைந்துவிட்டதா என்று கேட்டாள்.

நவம்பர் 14

காலையில் படித்தால் நேற்று எழுதியது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிகிறது. அவனும் விடவில்லை: "சித்தப்பா, தானப் பத்திரம் போலியாகவும் இருக்கும். பதிவின்போது எழுதிக்கொடுப்பவர் சார்பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும். இங்கே சார்பதிவாளர் யார்? அவர் முன்னால் யார் நின்றார்?"

உவமை அங்கே ஒடிகிறது. ஒட்டவைக்க முயன்றேன், ஒட்டவில்லை. சரித்திரத்தைச் சொல்லலாம், காலிக் கல்லறையைச் சொல்லலாம். அவை எல்லாம் மறுபடியும் 1, 2 என்ற இடத்துக் கையெழுத்துகள்தான். நான் ஏற்றுக்கொண்டிருக்கிறேன். எனக்கு நிரூபணம் கையில் இருப்பதால் ஏற்கவில்லை. அந்தப் பத்திரத்தில் பேசுகிறவரின் குரல் எனக்குத் தெரிந்த குரலாக இருக்கிறது. ரேகை விழாத கிழவியை எதை வைத்து நம்பினேன் என்று யோசித்தால், அவள் கேட்ட விதத்தை வைத்துத்தான். அது சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணம் இல்லை.

இப்படி எழுதியதற்கு ஒரு சகோதரர் என்னை 'அவிசுவாசி' என்றும், இன்னொருவர் 'மூடநம்பிக்கைக்காரர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாலையில் இரண்டும். இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளட்டும், நான் மாத்திரை வாங்கப் போகிறேன்.

நவம்பர் 16, சனி

யாழ்ப்பாணத்து அக்கா ஒரே வரி எழுதியிருக்கிறார்: "தம்பி, இடி என்று சொன்னவர்களும் சத்தத்தைக் கேட்டவர்கள்தானே?"

ஆமாம் அக்கா. எதுவும் கேட்கவில்லை என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. இதை நான் கவனிக்கவே இல்லை. நவம்பர் 4 இரவு எழுதியதில் 'பாதிப்பேர்' என்பதும் என் கைச்சரக்கு. யோவான் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்லவில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

அண்ணன் மகன் நாளை மறுபடி வருகிறான். மாற்கின் 'நீர்' சரியா, மத்தேயுவின் 'இவர்' சரியா, இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்கிறான். மூன்று சுவிசேஷங்களிலும் அடையாளத்துக்குக் காகிதம் வைத்து மேசையில் அடுக்கியிருக்கிறேன். இந்தத் தடவை முதலில் சாப்பாடு.